திருமூர்த்தி முதல் பரம்பிக்குளம் வரை: ஞாயிறு லீவுக்கு திருப்பூர்க்காரங்க எந்த அணைக்கரைக்குப் போகலாம்?

சனிக்கிழமை சாயந்திரம் வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிகளில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கு எங்க போலாம்?"

ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ், டிராஃபிக், ரூம் வாடகை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், ஆனைமலைத் தொடருக்குள் ஒரு ஏரிக்கூட்டமே இருக்கிறது. திருமூர்த்தி, ஆழியாறு, சோலையாறு, தூணக்கடவு, பரம்பிக்குளம். இந்தப் பெயர்களை அணை நீர்மட்டச் செய்தியில் தினமும் கேட்டிருப்பீங்க. ஆனால் எது எங்கே இருக்கிறது, எங்கே குளிக்கலாம், எங்கே தங்கலாம், எங்கே தண்ணீரில் காலே வைக்கக்கூடாது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

ஒரு கரையில் தியான மையம் இருக்கிறது. இன்னொரு கரையில் தேயிலை எஸ்டேட் பங்களா. மூன்றாவது கரையில் யானையும் காட்டெருமையும் மட்டும்தான். தண்ணீர் ஒன்று, ஆனால் கரைக்குக் கரை செலவும் வேறு, ஆபத்தும் வேறு. கரையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் செக்போஸ்டில் இருந்தே திரும்பி வர வேண்டியிருக்கும், சில நேரம் அதைவிட மோசமாகவும் முடியும்.

இது ஏரியா, அணையா?

இயற்கை ஏரி எதுவும் இல்லை, எல்லாமே அணைகள்தான். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், நம்ம ஊர் வழக்கில் பி.ஏ.பி. காமராஜர் ஆட்சிக் காலத்தில், 1961 அக்டோபர் 7-ம் தேதி அன்றைய பிரதமர் நேரு தொடங்கி வைத்தார்.

மேற்கே கேரளா பக்கம் ஓடி அரபிக்கடலில் சேர்ந்துகொண்டிருந்த ஆறுகளை மலைக்கு மேலேயே மறித்து, சுரங்கம் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த கொங்குச் சீமைக்குத் திருப்பியதுதான் திட்டம். மேல் நீராற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்கு வரும். அங்கே கரண்ட் எடுத்துவிட்டு பரம்பிக்குளத்துக்குப் போகும். அங்கிருந்து தூணக்கடவு, அடுத்து சர்க்கார்பதி மின்நிலையம். அதற்குப் பிறகு மலையின் இடுப்பைச் சுற்றி 49 கிலோமீட்டர் ஓடுகிற காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை. திருமூர்த்தியிலிருந்து கிளம்புகிற பிரதான கால்வாயில்தான் பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தண்ணீர் வருகிறது.

கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துப் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் பத்தாது. அதனால் 4 மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். கடைமடை விவசாயிகள் தண்ணீர்த் திருட்டைத் தடுக்கச் சொல்லி அடிக்கடி போராட்டம் நடத்துவதற்குப் பின்னாலும் இந்த முறைக்கணக்குதான் இருக்கிறது.

டூருக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த ஏரிகள் சுற்றுலாவுக்காகக் கட்டியவை கிடையாது. விவசாயத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் திறந்தால் மட்டம் இறங்கிவிடும். இன்ஸ்டாகிராமில் கடல் மாதிரி தளும்புகிற அணை, நீங்க போகும்போது வெடித்த களிமண்ணாகக் கிடக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் நீர்மட்டச் செய்தியைப் பாருங்க. முழு மட்டம் திருமூர்த்திக்கு 60 அடி, ஆழியாறுக்கு 120, பரம்பிக்குளத்துக்கு 72, சோலையாறுக்கு 160. அன்றைய அளவு அதில் பாதிக்குக் கீழே இருந்தால் போட்டோ ஆசையை விட்டுவிடலாம்.

ஒரே நாள்தான் லீவு, என்ன செய்யலாம்?

என் ஓட்டு திருமூர்த்திமலைக்குத்தான். திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக உடுமலை, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். உடுமலையிலிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. காரும் வேண்டாம், புக்கிங்கும் வேண்டாம்.

அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோவில். பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒரே பாறையில் இருப்பதாக வழிபடுகிறார்கள், ஊர்ப் பெயரும் அதனால்தான். அங்கிருந்து காட்டுப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் பஞ்சலிங்க அருவி. வாரம் பூராவும் குனிந்து தைத்த முதுகில் அந்தத் தண்ணீர் விழுகிற சுகத்துக்கு எந்த ஸ்பாவும் கிட்ட வராது என்பது என் கருத்து. எங்க அம்மா 20 வருஷத்துக்கு மேல் பவர் டேபிளில் உட்கார்ந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே 'ரிசார்ட்' இந்த அருவிதான்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்க. அருவிக்குத் தண்ணீர் வருகிற மேல்மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2008-ம் ஆண்டு அப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அடித்துச் செல்லப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். இன்றைக்கும் நீர்வரத்து கூடினால் அருவிக்குத் தடை போட்டுவிடுகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று ஊழியர்களிடம் சண்டை போடாதீங்க. தண்ணீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் யாரும் சொல்லக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்க.

நேரம் மிச்சம் இருந்தால் அதே உடுமலையிலிருந்து வேறு பக்கம் சுமார் 25 கிலோமீட்டரில் அமராவதி அணை. இது பி.ஏ.பி. கூட்டத்தில் சேராது, தனி ஆறு, முழு மட்டம் 90 அடி. இங்கே விசேஷம் முதலைப் பண்ணை. பண்ணைக்குள் மட்டும் இல்லை, அணைத் தண்ணீரிலும் முதலைகள் உண்டு. இங்கே குளிக்கலாமா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஆழியாறு: கூட்டம் ஒரு பக்கம், மௌனம் ஒரு பக்கம்

திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி சுமார் 60 கிலோமீட்டர், அங்கிருந்து ஆழியாறு 24. வால்பாறை மலைக்கு அடிவாரத்தில், ரோட்டோரமாகவே அணை. பூங்கா, படகு, சுடச்சுட மீன் வறுவல் கடைகள், கொஞ்ச தூரத்தில் குரங்கு அருவி என்று பழகிப்போன கவியருவி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அலுக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பார்க்கிங்குக்கே தனியாகப் பொறுமை வேண்டும்.

அதே ஆழியாறில் இன்னொரு முகமும் இருக்கிறது. வேதாத்திரி மகரிஷி நிறுவிய அறிவுத் திருக்கோயில். 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சின்ன வயதில் தறி ஓட்டி, பின்னாளில் ஜவுளித் தொழிலே நடத்தியவர். நம்ம ஊர் ஆட்களுக்குச் சட்டென்று ஒட்டுகிற வாழ்க்கை. இங்கே தங்கி எளிய முறை உடற்பயிற்சி, தியானம், காயகல்பப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். இது ரிசார்ட் கிடையாது. சைவச் சாப்பாடு, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுவார்கள், வகுப்புக்கு வகுப்பு நேர ஒழுங்கு. "சும்மா ரூம் போட்டுத் தூங்கலாம்" என்று போனால் உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். வகுப்புத் தேதியை விசாரித்துப் பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

இவை இரண்டுக்கும் நடுவே, ஆழியாறு, ஆனைமலை சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளுக்குள் தனியார் ரிசார்ட்டுகள், பண்ணை வீடுகள். நீச்சல் குளம், மசாஜ், கேம்ப் ஃபயர். சிலது உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. 'லேக் வியூ' என்று போட்டிருந்தால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்க: "ரூம் ஜன்னலிலிருந்து அணை தெரியுமா, இல்லை மொட்டை மாடியில் ஏறினால் தெரியுமா?" புக் பண்ணுவதற்கு முன்னால் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பகுதியை எழுதும்போது எங்க டெஸ்க்கில் இருக்கிற யாருக்கும் விளையாட்டுப் பேச்சு வராது. கோடை லீவு வந்தால் "ஆழியாற்றில் மூழ்கி" என்று தொடங்குகிற தலைப்பை வருஷா வருஷம் எழுத வேண்டியிருக்கிறது. அணைக்குக் கீழே ஆறு பார்வைக்கு முழங்கால் அளவுதான் இருக்கும். உள்ளே மணல் பறிந்த குழிகள், பாறை இடுக்குகள், சுழல். அதோடு அணையில் தண்ணீர் திறந்தால் ஓட்டம் சட்டென்று மாறிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் இறங்காதீங்க. குடித்துவிட்டு எந்த இடத்திலும் இறங்காதீங்க. ஒருத்தர் மூழ்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதுதான் பல சமயம் இரண்டாவது உயிரையும் வாங்குகிறது. துண்டு, வேட்டி, கயிறு, காலி கேன், கையில் கிடைப்பதை வீசுங்க.

வால்பாறை, சோலையாறு: பங்களா வாழ்க்கை

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. 9-வது வளைவு காட்சிமுனையில் நின்றால் மொத்த ஆழியாறு அணையும் காலடியில் விரியும், காசில்லாமல் கிடைக்கிற சிறந்த 'லேக் வியூ' இதுதான். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம். ஆன்லைனில் எடுத்துவிட்டே மலை ஏறுங்க.

மேலே தங்குமிடங்கள் இரண்டு ரகம். டவுனுக்குள் சாதா லாட்ஜுகள். எஸ்டேட்டுகளுக்குள் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள், காலையில் பெட் டீயோடு ராஜ வாழ்க்கை, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். சோலையாறு அணை வால்பாறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். போகிற வழிதான் அழகு, அணையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம். மழை பிடிக்கும் என்றால் சின்னக்கல்லாறு பக்கம் விசாரித்துப் பாருங்க, தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் இதே வால்பாறை ரோட்டில் பைக்கில் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். ரோட்டில் யானை நின்றால் நிறுத்துங்க, அது போகட்டும், பிறகு நீங்க போகலாம். ஹார்ன் அடிப்பது, வீடியோ எடுப்பது, சைடில் புகுந்து ஓட்டுவது எல்லாம் ரீல்ஸில் மட்டும்தான் சுகமாக முடிகிறது.

பரம்பிக்குளத்தில் என்ன இருக்கு?

ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் விசேஷம். செல்போன் டவர் பெரும்பாலும் எட்டாது. கடைகண்ணி குறைவு. தண்ணீர், காடு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணையும் கேரள மண்ணில் இருக்கின்றன. ஆனால் இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. 1970-ல் கையெழுத்தான இரு மாநில ஒப்பந்தப்படி இந்த ஏற்பாடு. காடோ கேரள வனத்துறையின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். ஆனால் அந்தக் காட்டுக்குள் போகிற ரோடு தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. அதனால் முதலில் தமிழ்நாடு வனத்துறைக்கு நுழைவுக் கட்டணம், பிறகு கேரள வனத்துறைக்கு ஒன்று. "ஒரே இடத்துக்கு ரெண்டு டிக்கெட்டா?" என்று சண்டைக்கு நிற்காதீங்க, ரெண்டும் நியாயமானதுதான்.

சேத்துமடை செக்போஸ்டிலேயே பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் சோதிப்பார்கள். பைக்குக்கு அனுமதி கிடையாது. கார் இல்லையென்றால் பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு அரசு பஸ் இருக்கிறது, ஒரு நாளைக்குச் சில நடைதான் என்பதால் நேரம் விசாரித்துக்கொள்ளுங்க. ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் மையம். அங்கிருந்து வழிகாட்டியோடு வனத்துறை வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள். கன்னிமாரா தேக்கைத் தவறவிடாதீங்க. அஞ்சு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரம்.

தங்குவதற்கும் வனத்துறை ஏற்பாடுதான். கூடாரம், மரத்து மேல் குடில், ஏரிக்கு நடுவே வீட்டிக்குன்னு தீவில் ஒரு வீடு. எண்ணிக்கை ரொம்பக் குறைவு, முன்பதிவு இல்லாமல் போனால் வேலைக்கு ஆகாது. வாடகை மலிவு கிடையாது, ஆனால் சுற்றிக் காட்டுவது, சாப்பாடு எல்லாம் அதில் சேர்ந்தே வருகிற மாதிரிதான் பெரும்பாலும் பேக்கேஜ். ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிற மிருகங்களின் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. வாரம் முழுக்க ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற ஒருத்தருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு நாள் லீவு சேர்ந்து கிடைத்து, கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தால் என் இரண்டாவது ஓட்டு இங்கேதான்.

இந்த அமைதியான ஏரிதான் 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் தலைப்புச் செய்தியானது. அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று உடைந்து, பாசனத்துக்குச் சேமித்த தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்து வீணானது. நம்ம விவசாயிகள் அப்போது பட்ட பதற்றம் ஞாபகம் இருக்கும். போனால் அந்த ஷட்டர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்க.

'கேரளா மசாஜ்' போர்டை நம்பலாமா?

பொள்ளாச்சி தாண்டியதும் ரோட்டோரம் இந்தப் போர்டுகள் ஆரம்பித்துவிடும். டைலர், செக்கிங், அயர்னிங் என்று நாள் முழுக்க ஒரே நிலையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்துவலி, இடுப்புவலி சகஜம். அதனால் இந்தப் போர்டுகளைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான்.

ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும். ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்து விடுவது அலுப்பு போக்க. அது வைத்தியம் கிடையாது. ஆயுர்வேத சிகிச்சை என்றால் பி.ஏ.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த மருத்துவர் நாடி பிடித்து, சர்க்கரை, பிரஷர், பழைய காயம் எல்லாம் விசாரித்த பிறகுதான் தொடங்கும். பஞ்சகர்மா போன்றவற்றுக்கு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தங்க வேண்டும். பத்தியமும் உண்டு. "ஒரே நாளில் டிஸ்க் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்க. எங்க அம்மாவுக்கு இப்படி ஓரிடத்தில் ஒரு வாரச் சம்பளம் போனது, வலி போகவில்லை.

கால் மரத்துப் போவது, வலி தொடையிலிருந்து பாதம் வரை இறங்குவது இருந்தால் மசாஜுக்கு முன்னால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் கேட்டுப் பாருங்க. தொக்கணம், வர்மம் போன்ற சிகிச்சைகள் சித்த மருத்துவத்திலேயே இருக்கின்றன.

எந்த மாசம் போகலாம்?

தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அணைகள் நிரம்பும். கேரள ஆயுர்வேதத்தில் சிகிச்சைக்கு ஏற்றதாகச் சொல்கிற கர்க்கடகம், அதாவது நம்ம ஆடி மாசமும் இதற்குள்தான் வருகிறது. ஆனால் அருவிகளுக்குத் தடை விழுவதும், மலை ரோட்டில் மண் சரிவதும் இதே மாசங்களில்தான். மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கண்ணுக்கும் காலுக்கும் இதமான காலம். தீபாவளி லீவில் போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராக இருங்க, திருப்பூரே காலியாகி வருகிற நாட்கள் அவை. பிப்ரவரிக்குப் பிறகு காடு காய்ந்துவிடும். காட்டுத்தீ அபாயத்தால் டாப்சிலிப், பரம்பிக்குளம் பக்கம் சில வருஷங்களில் அனுமதியை நிறுத்தி வைக்கிறார்கள், விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவங்களுக்கு?

திருப்பூரிலேயே ஒன்று இருக்கிறது. ஊத்துக்குளி ரோடு பக்கம் சர்க்கார் பெரியபாளையம் நஞ்சராயன் குளம். சுமார் 440 ஏக்கர். பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 190-ஐ ஒட்டிய வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

இதே நொய்யல் படுகையில்தான் ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்தது. சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டு, வழக்காகி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை திருப்பூரில் கறாரானது அதற்குப் பிறகுதான். அந்த அணைக்கரைக்கு யாரும் டூர் போவதில்லை.

நஞ்சராயன் குளத்துக்குக் குளிர்கால மாசங்களில் விடிகாலை ஆறு, ஆறரைக்குப் போங்க. மலைநாடுகளைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளைச் சில சீசனில் இங்கே பார்த்திருக்கிறார்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சத்தம் போடாமல், பாட்டு வைக்காமல், கரையில் நின்று பார்த்துவிட்டு எட்டரை மணி ஷிப்டுக்கே திரும்பிவிடலாம்.